காலையில் ஆன் ஆகாமல் மதியம் மட்டும் ஓடும் கம்ப்யூட்டர்: போர்டை மாற்றும் முன் எதைப் பார்ப்பது?

கீழக்கரைக்காரன்

வீட்டு டெஸ்க்டாப். எச்61 மதர்போர்டு, மூன்றாம் தலைமுறை ஐ3 பிராசசர், 4 ஜிபி டிடிஆர்3 ராம் இரண்டு, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) கேபினட்டோடு சேர்ந்து வந்தது.

காலையில் பவர் பட்டனை அமுக்கினால் ஃபேன் நாலைந்து வினாடி சுற்றி நின்றுவிடுகிறது, பிறகு தானாகவே மறுபடி சுற்றுகிறது, மறுபடி நிற்கிறது. மானிட்டரில் ‘நோ சிக்னல்’. பீப் சத்தம் கிடையாது. பத்து, பதினொரு மணி வாக்கில் போட்டால் பெரும்பாலும் வந்துவிடுகிறது. ஒருமுறை வந்துவிட்டால் இரவு வரை தொல்லை இல்லை, ரீஸ்டார்ட்டும் ஒழுங்காக ஆகிறது. ஆனால் தினமும் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது. ‘சிமோஸ் செக்சம் எரர்’ என்று காட்டி எஃப்1 அமுக்கச் சொல்கிறது. இடையில் இரண்டு தடவை ‘ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்’ என்றும் வந்தது. கேபினட்டைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறது.

ராத்திரி படுக்கப் போகும்போது சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுவோம். வீடு கடற்கரை ஓரம், மேஜை ஜன்னலை ஒட்டி இருக்கிறது. கடையில் ‘மதர்போர்டு போச்சு’ என்கிறார்கள். அந்த போர்டு மாறினால் பிராசசர், ராம் எல்லாமே மாற வேண்டிவரும். அதற்கு முன் வீட்டிலேயே எதையெல்லாம் சோதித்துப் பார்க்கலாம்? மல்டிமீட்டர் இருக்கிறது. சால்டரிங் தெரியாது.

மண்டபம் சர்வீஸ்

காக்கா (அண்ணே), போர்டு விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். போர்டு செத்திருந்தால் மதியமும் செத்தேதான் கிடக்கும்.

நீங்கள் எழுதியதில் தனித்தனிக் கோளாறுகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. தேதி போவது போர்டிலிருக்கும் பட்டன் செல்லால். சுர்ரென்பது எர்த் கோளாறு. பூட் டிவைஸ் பிரச்சினைக்குப் பிறகு வருவோம். முதலில் காலையில் கிளம்பாமல் அடம்பிடிப்பதை எடுத்துக்கொள்வோம். அதற்கு இந்தக் கரையில் வழக்கமாகச் சந்தேகிக்க வேண்டியவை இரண்டு. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி தெரியும், அதனால்தான் கடையில் குழம்பிவிடுகிறார்கள்.

முதலாவது, ராம் காண்டாக்டில் (ஸ்லாட்டுக்குள் போகும் தங்கப் பூச்சு விளிம்பு) உப்பு. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75% தாண்டினால் ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதற்கும் முன்பே கசிய ஆரம்பித்துவிடும். விடியற்காலையில் நம் பக்கம் ஈரப்பதம் சாதாரணமாகவே அந்த அளவைத் தாண்டிவிடும். வெயில் ஏறினால் காய்ந்துவிடும். காலையில் வராமல் மதியம் வருவது இதனோடு பொருந்துகிறது.

இரண்டாவது, எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டாண்ட்பை பகுதி, அதாவது கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் விழித்திருக்கும் பகுதி. சுவர் சுவிட்ச் போட்டவுடனே, பட்டனை அமுக்கும் முன்பே, ஊதா வயரில் 5 வோல்ட் வந்துவிட வேண்டும். பட்டன் அமுக்கியதை உணர்ந்து எஸ்எம்பிஎஸ்ஸை எழுப்பும் சிப் ஓடுவது அந்த 5 வோல்ட்டில்தான். அங்கே இருக்கும் கெப்பாசிட்டர் உலர்ந்துவிட்டால் குளிர்ந்த நிலையில் வோல்டேஜ் நோஞ்சானாக இருக்கும், கொஞ்ச நேரம் சூடேறினால் தேறிவிடும். இதுவும் காலையில் வராமல் பிறகு வரும்.

இரண்டையும் பிரிக்க ஒரே ஒரு ராத்திரி சுவர் சுவிட்சை அணைக்காமல் விட்டுப் பாருங்கள், கம்ப்யூட்டரை மட்டும் ஷட்டவுன் செய்துவிட்டு. மறுநாள் காலை முதல் அமுக்கிலேயே வந்தால் எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகம் வலுக்கும். ஸ்டாண்ட்பை பகுதி இரவெல்லாம் சூடாக இருந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போதும் வரவில்லை என்றால் ராம் பக்கம் பாருங்கள், ஏனென்றால் ஷட்டவுனில் ராமுக்கு மின்சாரம் போகாது, ஸ்லாட் சூடாகவும் ஆகாது. இதை வழக்கமாக்கிவிட வேண்டாம். ஈர உப்பு படிந்த போர்டில் ராத்திரி முழுக்க வோல்டேஜ் நின்றால் செம்பு இழைகள் வேகமாக அரிக்கும். மழை, இடி உள்ள ராத்திரியாகப் பார்த்தும் செய்யாதீர்கள்.

அடுத்தது மீட்டர் வேலை. மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை கேபினட் திருகில் அல்லது ஏதாவது கறுப்பு வயரில். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் பெரிய 24 பின் கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்ற வேண்டாம். சிவப்பு முனையைக் கனெக்டரின் பின்பக்கமாக, வயர் உள்ளே போகும் துளையில் நுழைத்து அளக்க வேண்டும். பக்கத்தில் இன்னொருவர் பட்டனை அமுக்கினால் வசதி.

ஊதா வயர்: சுவர் சுவிட்ச் போட்ட கையோடு ஒரு அளவு, பட்டன் அமுக்கும்போது ஒன்று, அரை மணிக்கு மேல் கழித்து ஒன்று. 4.75 முதல் 5.25 வரை இருக்கலாம். மஞ்சளில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47. சாம்பல் வயர் ‘எல்லாம் சரி’ என்று எஸ்எம்பிஎஸ் சொல்லும் தகவல். ஃபேன் கிளம்பிய அரை வினாடிக்குள் 5 வோல்ட் பக்கம் வந்து அப்படியே நிற்க வேண்டும்.

பச்சை வயரைத் தவறாமல் பாருங்கள். பட்டனை அமுக்கினால் போர்டு இதைக் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பச்சை பூஜ்யத்திலேயே இருக்க, மஞ்சள் மட்டும் விழுந்தால் எஸ்எம்பிஎஸ் தானாகக் கைவிடுகிறது. பச்சை மேலே ஏறிய பிறகு மஞ்சள் விழுந்தால் போர்டுதான் பிடியை விட்டது. ‘போர்டு போச்சு’ என்பவரிடம் இந்த அளவைக் கேட்டுப் பாருங்கள்.

பீப் வரவில்லை என்கிறீர்கள். போர்டில் ஸ்பீக்கர் என்று எழுதிய நாலு பின் இடத்தில் குட்டி பஸ்ஸர் இருக்கிறதா? நிறைய கேபினட்டில் கொடுப்பதே இல்லை. தனியாகச் சில்லறை விலைக்குக் கிடைக்கும். மாட்டிவிட்டு, சுவர் சுவிட்சை அணைத்து இரண்டு ராமையும் கழற்றி ஆன் செய்யுங்கள். ராம் இல்லை என்று பீப் கத்தினால் பிராசசர், பயாஸ் (போர்டின் தொடக்க மென்பொருள்), போர்டு எல்லாம் அடிப்படையில் உயிரோடு இருக்கின்றன. ராம் இல்லாமலும் ஊமையாக இருந்தால் சிக்கல் அதற்கு முந்தைய கட்டத்தில்: எஸ்எம்பிஎஸ், பிராசசருக்குப் போகும் நாலு பின் 12 வோல்ட் கனெக்டர், கடைசியாகத்தான் போர்டு. அந்த நாலு பின் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பச்சை பூத்திருந்தாலோ பிளாஸ்டிக் பழுப்பேறி இருந்தாலோ சொல்லுங்கள்.

ஏர்வாடி 2032

ராமைத் துடைப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எல்லாரும் ரப்பரை வைத்துத் தேய்ப்பார்கள். அந்தத் தங்கப் பூச்சு ஒரு மைக்ரானுக்கும் மெல்லியது. சொரசொரப்பான மை ரப்பரால் தேய்த்தால் அடியில் இருக்கும் நிக்கல் தெரியும். பிறகு உப்புக்காற்றில் இன்னும் சீக்கிரம் கெடும். மெத்தென்ற வெள்ளை ரப்பரால் லேசாக ஒருமுறை, அதுவும் கறை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும். ரப்பர் தூள் ஸ்லாட்டில் விழக்கூடாது.

‘ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்தேன், மறுபடி வந்துவிட்டது’ என்று பலர் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சுத்தமான ஆல்கஹாலில் உப்பு கரையாது. எண்ணெய்ப் பசையும் பிசுக்கும் போகும், உப்பு அங்கேயே இருக்கும். ஆகவே முதலில் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டர். பஞ்சு உதிராத துணியில் சொட்டு விட்டு, பிழிந்த பதத்தில் ராமின் காண்டாக்டைத் துடையுங்கள், துணியை மாற்றி மறுபடி. அதற்குப் பிறகு 99% ஆல்கஹால்; மிச்சமிருக்கும் தண்ணீரை அது எடுத்துக்கொண்டு போகும். அரை மணி காய விடுங்கள். நம்ம ஊர்க் கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ கிட்டவே வரக்கூடாது, அதிலேயே உப்பு இருக்கிறது. கை கழுவும் சானிடைசரும் ஆகாது: தண்ணீரும் கிளிசரினும் கலந்தது, பிசுபிசுப்பு தங்கும்.

ஸ்லாட்டுக்குள் தண்ணீர் விட வேண்டாம். மெல்லிய பிரஷ்ஷை ஆல்கஹாலில் நனைத்து நீளவாக்கில் நாலு இழுப்பு. அல்லது சீக்கிரம் உலரும் காண்டாக்ட் கிளீனர். பைக் சங்கிலிக்கும் பூட்டுக்கும் அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே மட்டும் வேண்டாம். படலமாக நின்று தூசியைப் பிடித்துவைக்கும். பிறகு ஒரு ராமை மட்டும் போட்டுப் பாருங்கள், அது சரியென்றால் அடுத்தது, அப்புறம் ஸ்லாட்டை மாற்றி. இரண்டு பக்கமும் கிளிப் ‘டக்’கென்று விழ வேண்டும்.

இவ்வளவும் செய்யும் முன் செல்லை அளந்துவிடுங்கள். சிஆர்2032, வட்டமாக இருக்கும். புதியது 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலேயே காட்டும். 2.7க்குக் கீழே என்றால் குப்பைக்குத்தான். நீங்கள் சுவர் சுவிட்சை அணைப்பதால் இரவெல்லாம் கடிகாரம் ஓடுவது இந்தச் செல்லில்தான், அதனால் உங்கள் வீட்டில் சீக்கிரமே தீரும். ஹோல்டரின் பித்தளைத் தகடுகளையும் துடையுங்கள். கடிகாரம் குடிப்பது சில மைக்ரோஆம்பியர்தான். செல்லைச் சுற்றி ஈர உப்புப் படலம் இருந்தால் அதன் வழியாகவே அந்த அளவு கசிந்துவிடும். புதுச் செல் சில மாதத்தில் இறங்கினால் இதுதான் காரணம்.

தொண்டி வயரிங்

கேபினட்டில் சுர்ரென்பதை அப்படியே விடாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்ட ஃபேஸிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று என்று சின்ன கெப்பாசிட்டர்கள் கேபினட்டுக்குப் போகும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் அறுந்திருந்தால் கேபினட் பாதி வோல்டேஜில், அதாவது 115 பக்கம் மிதக்கும். கரண்ட் ரொம்பக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு நிற்கிறது. ஆனால் அதே நிலையில் மானிட்டர் கேபிளையோ யுஎஸ்பியையோ செருகினால் அந்தச் செருகும் துளை (போர்ட்) கெடலாம், நெட்வொர்க் சிப்பும் போகலாம். உண்மையிலேயே உள்ளே ஃபேஸ் கேபினட்டைத் தொட்டுவிட்டால் உயிருக்கு ஆபத்து.

மூன்று துளை பிளக் பாயிண்டில் மீட்டரை ஏசி 750 வோல்ட்டில் வைத்து அளவுங்கள். ஃபேஸ்–நியூட்ரல் 230 அக்கம்பக்கம். ஃபேஸ்–எர்த்தும் ஏறக்குறைய அதே. நியூட்ரல்–எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். ஃபேஸ்–எர்த் அறுபது, தொண்ணூறு என்று ஏதாவது காட்டினால் எர்த் வயர் எங்கோ தொங்குகிறது. மின்சாரம் கையாளப் பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள்.

கரைப்பக்கம் பெரும்பாலும் கோளாறு எர்த் குழியில்தான். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் வயரை முடுக்கிய நட்டு முழுக்கத் தின்றுபோயிருக்கும். வெளியே பார்த்தால் வயர் ஜம்மென்று தெரியும். உள்ளூர் முறைப்படி கரியும் உப்பும் கொட்டுவார்கள். கடலோர மண்ணில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, மேலும் கொட்டினால் பைப்தான் சீக்கிரம் அரிக்கும். கரி போதும், அல்லது பென்டோனைட் களிமண். பைப்புக்குப் பதில் செம்பு பூசிய கம்பி நீண்ட நாள் நிற்கும். மேல் மணல் கோடையில் காய்ந்துவிடும் என்பதால் ஈரம் தட்டும் ஆழம் வரை இறக்க வேண்டும்.

கீழக்கரைக்காரன்

எல்லாருக்கும் நன்றி. சொன்னபடி பார்த்த அளவுகள்:

ஊதா: காலையில் சுவர் சுவிட்ச் போட்டவுடன் 4.48. பட்டன் அமுக்கினால் 4.1க்கு இறங்குகிறது. சுவிட்ச் போட்டபடியே நாற்பது நிமிடம் விட்டால் 4.96, அப்போது பட்டன் அமுக்கினால் கிளம்புகிறது. பச்சை: ஃபேன் நிற்பதற்குச் சற்று முன் மேலே ஏறுகிறது. சாம்பல்: வந்து வந்து போகிறது. சுவர் சுவிட்சை அணைக்காமல் விட்ட மறுநாள் காலை ஒரே அமுக்கில் வந்துவிட்டது.

பஸ்ஸர் வாங்கிப் போட்டேன். ராம் இல்லாமல், காலையில் சத்தமே இல்லை. பதினொரு மணிக்கு நீள நீளமாகக் கத்தியது. நாலு பின் கனெக்டர் சுத்தமாக இருக்கிறது. செல் 2.38. ராமைத் தண்ணீர், ஆல்கஹால் என்று துடைத்தேன், துணியில் பச்சையாக ஏறியது, ஆனால் காலைப் பிரச்சினை மாறவில்லை. பிளக்கில் ஃபேஸ்–எர்த் 71.

பச்சை ஏறுவதைப் பார்த்தால் போர்டுதான் பிடியை விடுகிறது என்று ஆகிறதே? அப்போ கடையில் சொன்னது சரியா?

மண்டபம் சர்வீஸ்

பச்சையைத் தனியாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஊதாவோடு சேர்த்துப் பாருங்கள். பச்சையைப் பிடித்து வைத்திருக்கும் சிப்பே ஊதாவில்தான் வாழ்கிறது. ஊதா 4.1க்கு விழுந்தால் அந்தச் சிப் மயங்கி பச்சையை விட்டுவிடும், எஸ்எம்பிஎஸ் நிற்கும், சுமை குறைந்ததும் ஊதா கொஞ்சம் தேறும், சிப் விழித்து மறுபடி பிடிக்கும். நீங்கள் பார்க்கிற ‘சுற்றி, நின்று, சுற்றி’ இதுதான். ராம் இல்லாமலும் காலையில் ஊமையாக இருந்து பதினொரு மணிக்குக் கத்தியது இன்னொரு சாட்சி. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள். போர்டை விடுங்கள்.

தள்ளிப்போடவும் வேண்டாம். பழைய வகை ஸ்டாண்ட்பை சர்க்யூட் சிலவற்றில் சின்ன கெப்பாசிட்டர் ஒன்று முழுதாகக் கெட்டால் ஊதாவில் வோல்டேஜ் குறைவதற்குப் பதில் எகிறிவிடும். அப்போது உண்மையாகவே போர்டு போகும்.

வாங்கும்போது பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் வாட்டைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்பதைப் பாருங்கள். 450 வாட் என்று போட்டுவிட்டு 12 வோல்ட்டில் 14, 16 ஆம்பியர் எழுதியிருந்தால் அது 450 கிடையாது; 12 × 16 = 192 வாட்தான் அந்த லைனில். உங்கள் ஐ3யும் ஒரு டிஸ்க்கும் முழு வேலையில்கூட 100 வாட் தாண்டாது, அதனால் பெரிய வாட் தேவையில்லை. 80 பிளஸ் (மின் சிக்கனச்) சான்று உள்ள 400, 450 வாட் ஒன்று, நல்ல வாரண்டியோடு, தாராளம். மாட்டும்போது ஊதாவை அளந்து பாருங்கள்; சுவிட்ச் போட்ட கணத்திலேயே 5 பக்கம் நிற்க வேண்டும்.

பழையதைத் திறந்து பார்க்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டிசி, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். சால்டரிங் தெரிந்த கடைக்காரர் என்றால் ஸ்டாண்ட்பை டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் இருக்கும் சின்ன 22 அல்லது 47 மைக்ரோஃபாரட் 50 வோல்ட் கெப்பாசிட்டரையும், வெளியீட்டுப் பக்கம் உள்ளவற்றையும் 105 டிகிரி, குறைந்த இஎஸ்ஆர் (உள் மின்தடை) வகையாக மாற்றிக் கொடுப்பார். ஆனால் கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அந்த உழைப்பு தகாது என்பது என் எண்ணம். திறந்தால் பாதி சமயம் கருகிய பல்லி ஒன்றும் கிடைக்கும், அது வேறு கதை.

ராம் துணியில் பச்சை ஏறியது என்றீர்களே, அது செம்பு அரிப்பு. இன்றைக்குக் குற்றவாளி இல்லை என்றாலும் அடுத்த வருடம் ஆகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏர்வாடிக்காரர் சொன்ன முறையில் துடைத்துவிடுங்கள், வாடைக்காற்று தொடங்கும் முன் ஒன்று.

ஏர்வாடி 2032

செல் மாற்றியதும் பயாஸ் அமைப்பெல்லாம் ஆரம்ப நிலைக்குப் போயிருக்கும். இங்கே பலர் தடுக்கி விழுவார்கள். எச்61 போர்டு சிலவற்றில் சாட்டா மோட் (டிஸ்க்கோடு போர்டு பேசும் முறை) ஆரம்ப நிலையில் ஐடிஇ என்ற பழைய வகை. உங்கள் விண்டோஸ் ஏஎச்சிஐ என்ற புதிய வகையில் போட்டிருந்தால் லோகோ வந்து நீலத்திரை விழும், ‘இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்’ என்று. விண்டோஸை மறுபடி போட வேண்டியதில்லை. பயாஸுக்குள் போய் சாட்டா மோடை ஏஎச்சிஐ ஆக்கி எஃப்10 அமுக்கினால் வந்துவிடும். பூட் வரிசையில் ஹார்ட் டிஸ்க் முதலாவதாக இருக்கிறதா என்றும் பாருங்கள். தேதியைச் சரிசெய்யாமல் விட்டால் பிரவுசரில் பாதித் தளங்கள் ‘பாதுகாப்பற்றது’ என்று அலறும்.

நீங்கள் சொன்ன ‘செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்’ செல் இறங்கியதால் பூட் வரிசை கலைந்து வந்திருக்கலாம், டிஸ்க் சரியாக எழும்பாமலும் வந்திருக்கலாம். ஊதா போன நிலையில் மற்ற லைன்கள் ஒழுங்காக இருந்திருக்கும் என்று நம்ப முடியாது. எப்படியானாலும் கம்ப்யூட்டர் வருகிற நாளிலேயே முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க்கில் எடுத்துவிட்டு மற்றதைச் செய்யுங்கள். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் மூன்று வரி பாருங்கள். சி7 (தகவல் போக்குவரத்துப் பிழை) எண்ணிக்கை ஏறினால் கோளாறு கேபிளில் அல்லது கனெக்டரில். சாட்டா கேபிளை மாற்றினால் ஏறுவது நிற்கும், பழைய எண்ணிக்கை அப்படியே இருக்கும், பயப்பட வேண்டாம். 05, சி5 (கெட்ட, கெடுகிற பகுதிகளின் எண்ணிக்கை) இரண்டும் பூஜ்யத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கின் தட்டே கெடுகிறது, அதற்குத் துடைப்பு வைத்தியம் கிடையாது.

தொண்டி வயரிங்

71 என்றால் எர்த் இல்லை, சந்தேகமே வேண்டாம். புது எஸ்எம்பிஎஸ் மாட்டும் முன் எர்த் குழியைப் பார்த்துவிடச் சொல்லுங்கள். அடாப்டர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டு பின் வகையாக இடையில் எங்காவது இருந்தால் அதையும் தூக்கிப் போடுங்கள். சுவரில் எர்த் சரியாக இருந்தாலும் அங்கே அறுந்துவிடும்.

மேஜையை ஜன்னலிலிருந்து உள்சுவர்ப் பக்கம் நகர்த்துங்கள். 1914இல் கட்டிய பாம்பன் ரயில் பாலத்தையே துரு தின்று 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தி, 2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறக்கும்படி ஆயிற்று. அந்தக் காற்றுதான் உங்கள் ஜன்னல் வழியாகவும் வருகிறது. கேபினட்டுக்கு பிளாஸ்டிக் உறை போடுவதானால் முழுக்க ஆறிய பிறகு போடுங்கள், ஓடும்போது வேண்டவே வேண்டாம். அந்த அறையில் ஏசி இருந்தால் இன்னொன்று: 22 டிகிரியில் ஓடவிட்டு அணைத்த கையோடு ஜன்னலைத் திறக்காதீர்கள். வெளிக்காற்றிலிருக்கும் ஈரம் 24, 25 டிகிரி உலோகத்திலேயே வேர்க்கத் தொடங்கும். உள்ளே போர்டு முழுக்கப் பனித்துவிடும். அறை வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால் போதும். அவசரத்துக்குத் திறந்துவிட்டால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் கம்ப்யூட்டரைப் போட வேண்டும்.

கீழக்கரைக்காரன்

எஸ்எம்பிஎஸ்ஸும் செல்லும் வாங்கிவிடுகிறேன், எர்த் குழிக்கு ஆள் சொல்லியாயிற்று. ஒரே சந்தேகம்: புது எஸ்எம்பிஎஸ்ஸில் பிராசசர் கனெக்டர் 8 பின்னாக இருந்தால் என் போர்டின் 4 பின்னில் போகுமா?

மண்டபம் சர்வீஸ்

போகும். பெரும்பாலான எஸ்எம்பிஎஸ்ஸில் அது 4+4 ஆகப் பிரியும், ஒரு பாதியை மட்டும் செருகுங்கள். பிரியாத 8 பின் மட்டும் இருக்கிற மாடலைத் தவிர்த்துவிடுங்கள். கிராபிக்ஸ் கார்டுக்கான 6+2 பின்னும் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும், ஆனால் அதில் மஞ்சளும் கறுப்பும் இருக்கும் இடம் தலைகீழ். வயரில் ‘சிபியு’ என்று அச்சிட்டதைப் பார்த்துச் செருகுங்கள்; நுழையவில்லை என்றால் அழுத்தக் கூடாது.